இரவுக் காற்றை அளந்தவர்

நுழையும்முன்

வானிலை என்றவுடன் மேகமும் மழையும் புயலும் நம் நினைவுக்கு வருகின்றன. நம் காலடியில், ஒரு சாண் உயரத்திற்குள் நிகழும் வானிலையைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. பயிர் முளைப்பதும் பனி படிவதும் பூச்சியும் பூஞ்சையும் வளர்வதும் அந்த ஒரு சாண் உயரத்தில்தான். அவ்வுயரத்தின் வெப்பத்தையும் குளிரையும் பொறுமையோடு அளந்து, உலக அறிவியலார் எதிர்பாராத ஓர் உண்மையைக் கண்டறிந்தவர் எல்.ஏ. இராமதாஸ். இந்திய வேளாண் வானிலையியலின் தந்தை எனப் போற்றப்படும் அவரது வாழ்வையும் ஆய்வையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சாண் உயரத்து உலகம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களை மார்கழி விடியலில் கண்டோர்க்கு ஒரு காட்சி பழக்கமானது. மக்காச்சோளத் தோகையிலும் பருத்தி இலையிலும் சின்ன வெங்காயத் தாளிலும் பனித்துளிகள் கோத்து நிற்கும். மூடுபனி தரையை ஒட்டிப் படர்ந்திருக்க, அதற்கு மேல் பனைமரத்தின் தலை தெளிவாகத் தெரியும். கதிரவன் எழுந்த சிறிது நேரத்தில் எல்லாம் கலைந்துவிடும்.

இக்காட்சிக்குப் பின்னால் ஓர் இயற்பியல் உள்ளது. பகலில் கதிரவன் நிலத்தைச் சூடாக்குகிறான். நிலம் தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழுந்து, குளிர்ந்த காற்று கீழிறங்கி, இரண்டும் ஓயாமல் கலக்கின்றன. இவ்வாறு நிலத்தின் தாக்கத்தை நேரடியாக உணரும் காற்றுப் பகுதியை வளிமண்டல எல்லை அடுக்கு என்பர். பகலில் அது ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் உயரம்வரை விரியும். கதிரவன் மறைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. நிலம் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானுக்கு இழந்து குளிர்கிறது. அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனமாகி, தரையிலேயே தங்குகிறது. மேலே வெப்பமும் கீழே குளிருமாக அமையும் இந்நிலையை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்கிறோம். இரவு எல்லை அடுக்கு சில நூறு மீட்டருக்குள் சுருங்கிவிடும். காற்றசைவற்ற இரவுகளில் அதனினும் மெலியும்.

பகற்காற்றை அறிவது எளிது. அது எங்கும் நன்கு கலந்திருக்கும். இரவுக் காற்றோ ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கும். ஓர் ஏட்டின் குளிர் அடுத்த ஏட்டில் இராது. அந்த மெல்லிய ஏடுகளுள் மிகக் கீழானதைப் படித்தவர் இராமதாஸ்.

பாலக்காட்டிலிருந்து கொல்கத்தாவிற்கு

இலட்சுமிநாராயணபுரம் அனந்தகிருஷ்ண இராமதாஸ் 1900ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள் பாலக்காட்டில் பிறந்தார். அன்று பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாயில் அமைந்த அவ்வூர், இருபுறக் காற்றுக்கும் வாயிலாக விளங்குவது. இந்திய வானிலையியலின் மற்றொரு முன்னோடியான கே.ஆர். இராமநாதனும் பாலக்காட்டைச் சேர்ந்தவரே.

உயர் ஆய்வுக்காக இராமதாஸ் கொல்கத்தா சென்று, இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சர் சி.வி. இராமனின் மாணவரானார். நீர்மப் பரப்புகளில் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதை ஆசிரியரும் மாணவரும் இணைந்து ஆராய்ந்தனர். 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது, அவ்விளைவை வாயுக்களிலும் ஆவிகளிலும் தேடிய இளைஞர்களுள் இராமதாசும் ஒருவர். அத்துறையில் முனைவர் பட்டம் பெற்ற முன்னோடியாகவும் அவர் குறிப்பிடப்படுகிறார்.

இராமனிடம் அவர் பெற்ற பயிற்சியின் சாரம், கண்ணுக்குப் புலப்படாத சிறு மாற்றத்தையும் கருவியால் துல்லியமாக அளத்தல் என்பதாகும். கருவி காட்டும் அளவு ஏற்கெனவே உள்ள கோட்பாட்டோடு முரண்பட்டால், அளவீட்டை மீண்டும் சோதிக்க வேண்டும். சோதித்த பின்னும் அது நிலைத்தால், கோட்பாட்டைத்தான் ஐயுற வேண்டும். ஒளியில் கற்ற இந்நெறியை இராமதாஸ் பின்னாளில் மண்ணுக்கும் காற்றுக்கும் கொண்டுவந்தார்.

உழவுக்கு ஒரு வானிலையியல்

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் தொடங்கப்பட்டது. கப்பல்களுக்கும் பின்னர் வானூர்திகளுக்கும் அதன் முன்னறிவிப்புகள் பெரிதும் பயன்பட்டன. நாட்டு மக்களுள் பெரும்பான்மையினரான உழவர்களுக்கெனத் தனி ஆய்வு இல்லை. இக்குறையை 1926இல் அமைக்கப்பட்ட வேளாண்மைக்கான அரச ஆணையம் கருத்தில் கொண்டது. 1928இல் அது அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1932இல் புனேயில் வேளாண் வானிலையியல் பிரிவு தொடங்கப்பெற்றது. அதனை உருவாக்கி வளர்க்கும் பொறுப்பு இராமதாசிடம் வந்தது.

வானிலை நிலையங்களில் வெப்பமானிகள், வெயில் படாமல் காற்று மட்டும் நுழையும் வெண்ணிறப் பெட்டியில், தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் வைக்கப்படுகின்றன. ஊருக்கு ஊர் ஒப்பிடுவதற்கு இம்முறை ஏற்றது. ஆனால், நாற்று அந்தப் பெட்டிக்குள் வளர்வதில்லை. தரையை ஒட்டி வளரும் இளம்பயிர், பகலில் பெட்டி காட்டுவதைவிட மிகுந்த வெப்பத்தையும், இரவில் அதைவிட மிகுந்த குளிரையும் தாங்குகிறது. பயிரின் வானிலையை அறிய வேண்டுமானால் பயிரின் உயரத்தில் அளக்க வேண்டும். இதுவே இராமதாஸ் தொடங்கிய பணியின் அடிப்படை.

அவரும் அவருடன் பணிபுரிந்தோரும் புனே வேளாண் கல்லூரிப் பண்ணை நிலத்தில் மண்ணுக்குள்ளும் தரைமட்டத்திலும் பயிருக்கிடையிலும் பயிருக்கு மேலுமாகப் பல உயரங்களில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்தனர். கரும்பு நின்ற நிலத்தின் காற்றையும் வெற்று நிலத்தின் காற்றையும் ஒப்பிட்டனர். ஒரே பண்ணையில், சில அடி தொலைவுக்குள், வெவ்வேறு நுண்காலநிலைகள் நிலவுவதை எண்களால் காட்டினர்.

புனேயைச் சூழ்ந்த நிலம் கரிசல். கருநிறம் வெயிலை மிகுதியாக உள்வாங்கும். கரிசலின் மேற்பரப்பில் வெண்சுண்ணப் பொடியை மெல்லிய பூச்சாகத் தூவினால் என்ன ஆகும் என்று இராமதாசும் ஆர்.கே. திராவிடும் சோதித்தனர். வெண்மை வெயிலைத் திருப்பியனுப்பியதால் பொடி தூவிய நிலம் குளிர்ந்திருந்தது. அதன் தாக்கம் மேற்பரப்போடு நில்லாமல் மண்ணின் ஆழத்திலும் உணரப்பட்டது. பெரம்பலூர்ப் பகுதியின் கரிசற்காட்டில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களுக்கு நிறமும் சூடும் இணைந்தவை என்பது தெரிந்ததே. அவ்வறிவை அளவாக மாற்றியது இராமதாசின் பணி.

தெரியுமா?

பகலில் சூடேறிய தரைக்கு மேல் காற்று நெளிந்து ஆடுவதைக் காணலாம். கானல்நீர் தோன்றுவதும் இத்தகைய காற்றில்தான். தரையை ஒட்டிய சில சென்டிமீட்டருக்குள் வெப்பநிலை மிக விரைவாகக் குறைவதே இதற்குக் காரணம். எஸ்.எல். மலூர்கருடன் இணைந்து இராமதாஸ் இதனையும் ஆராய்ந்தார்.

ஒரு வெப்பமானி காட்டிய முரண்

இரவில் நிலமே முதலில் குளிர்கிறது. காற்று நிலத்தால் குளிர்விக்கப்படுகிறது. ஆகவே, தரைமட்டமே மிகக் குளிர்ந்த இடமாக இருக்க வேண்டும். மேலே செல்லச் செல்ல வெப்பம் கூட வேண்டும். பாடநூல்கள் இவ்வாறே கூறின. எவரும் ஐயுறக் காரணமில்லாத தெளிவான கருத்து அது.

இராமதாசும் எஸ். ஆத்மநாதனும் மேகமற்ற, காற்றசைவற்ற இரவுகளில் வெற்று நிலத்தின்மேல் வெவ்வேறு உயரங்களில் வெப்பநிலையை அளந்தனர். அளவுகள் வேறொன்றைக் கூறின. மிகக் குளிர்ந்த இடம் தரையன்று. தரைக்குச் சில பத்துச் சென்டிமீட்டர் மேலே இருந்தது. அங்குக் காற்று, தரையைவிடச் சில டிகிரிவரை குளிர்ந்திருந்தது. அதற்கு மேலேதான் வெப்பநிலை வழக்கம்போல் உயர்ந்தது. 1932இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்த புவி இயற்பியல் இதழில் இம்முடிவை அவர்கள் வெளியிட்டனர்.

இது ஏன் வியப்பிற்குரியது என்பதை நாம் உணர வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது, வெப்பக்காற்று இலேசானது. கனமானது மேலும் இலேசானது கீழுமாக இருந்தால், இரண்டும் உடனே இடம் மாறிக் கலந்துவிட வேண்டும். எண்ணெயின்மேல் ஊற்றிய நீர் மேலேயே நிற்பதில்லை. ஆனால், இராமதாஸ் கண்ட குளிர் அடுக்கு சில நிமிடங்களில் கலைந்துவிடவில்லை, மணிக்கணக்கில் நிலைத்தது. மேலும், காற்றைக் குளிர்விப்பது நிலம் என்றால், குளிர்விக்கப்பட்ட பொருள் குளிர்விக்கும் பொருளைவிடக் குளிர்ந்தது எவ்வாறு?

ஐயமும் உறுதியும்

அறிவியல் உலகம் இம்முடிவை எளிதில் ஏற்கவில்லை. வெப்பமானியும் ஒரு பொருள்தானே. அதுவும் இரவில் வானுக்கு வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடத் தாழ்ந்த அளவைக் காட்டியிருக்கலாம் என்றனர் சிலர். பக்கத்து நிலத்தின் குளிர்காற்று தவழ்ந்து வந்திருக்கலாம் என்றனர் வேறு சிலர். இரண்டும் நியாயமான ஐயங்களே. ஐயுறுவது அறிவியலின் கடமை. அளவீட்டைக் கைவிடாதிருப்பது அளந்தவரின் கடமை. ஏற்கத்தக்க விளக்கம் தம் கையில் இல்லாத நிலையிலும், கண்டதைக் கண்டவாறு பதிவு செய்தார் இராமதாஸ்.

ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்தது. 1956இல் பிரித்தானிய ஆய்வாளர் ஜே.வி. லேக், வெற்று நிலத்தின்மேல் தாம் எடுத்த அளவீடுகளில் இதே குளிர் அடுக்கைக் கண்டார். 1957இல் ஜெர்மானிய அறிவியலாளர் கே. ராஷ்கே, புனேயிலேயே கருவிப்பிழைக்கு இடமின்றி மிகக் கவனமாக அளந்து, இராமதாஸ் கூறியது உண்மையே என உறுதிப்படுத்தினார். அந்த அடுக்கிற்கு இராமதாஸ் அடுக்கு என்னும் பெயர் நிலைத்தது.

விடை தேடிய ஆண்டுகள்

உண்மை உறுதியான பின்னும் காரணம் விளங்கவில்லை. 1993இல் பெங்களூரு அறிவியலாளர்களான ஏ.எஸ். வாசுதேவமூர்த்தி, ஜே. சீனிவாசன், ரொத்தம் நரசிம்மா ஆகியோர் கணித அடிப்படையிலான விளக்கம் ஒன்றை முன்வைத்தனர். காற்று நிலத்தைத் தொட்டு மட்டும் குளிர்வதில்லை. தானும் கதிர்வீச்சின் வழியாக நேரடியாக வெப்பத்தை இழக்கிறது. நிலமோ தனக்குக் கீழுள்ள மண்ணின் ஆழத்திலிருந்து, பகலில் சேமித்த வெப்பத்தைப் பெற்றுக்கொண்டே இருக்கிறது. எனவே, தரைக்குச் சற்று மேலுள்ள காற்று தரையைவிட விரைந்து குளிர்வது இயலக்கூடியதே என இவ்வாய்வு காட்டியது.

பின்னர், பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் கே.ஆர். சீனிவாசும் அவர்தம் குழுவினரும் நிலத்திலும் ஆய்வகத்திலும் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். முந்தைய விளக்கத்தில் கதிர்வீச்சைக் கணக்கிட்ட முறையில் இருந்த குறையைச் சுட்டினர். தரையை ஒட்டிய காற்றில் மிதக்கும் நுண்தூசிகளுக்கு இதில் முதன்மையான பங்கு உண்டு என்றனர். தெளிந்த வானம், அகச்சிவப்புக் கதிர்களுள் ஒரு பகுதியைத் தடையின்றி வெளியேற விடும் சாளரம் போன்றது. நுண்தூசிகள் அச்சாளரத்தின் வழியே தம் வெப்பத்தை விண்வெளிக்கு இழந்து, தம்மைச் சூழ்ந்த காற்றையும் குளிரச் செய்கின்றன. தூசி தரைக்கு அருகே அடர்ந்திருப்பதால் குளிரும் அங்கே மிகுகிறது. குளிர் அடுக்கு மிக மெல்லியது. அதற்குள் காற்று புரள முற்படும்போதே கதிர்வீச்சு வெப்ப வேறுபாட்டைச் சமன்செய்துவிடுகிறது. ஆதலால் கலப்பு ஒடுங்கி, அடுக்கு நிலைக்கிறது.

வெப்பமானிகளைக்கொண்டு 1932இல் எழுப்பப்பட்ட ஒரு வினாவுக்கு மூன்று தலைமுறை அறிவியலார் விடை தேடியுள்ளனர்.

கணினி மாதிரிகளும் இரவும்

இன்று வானிலை முன்னறிவிப்பு கணினி மாதிரிகளின் வழியே நடைபெறுகிறது. வளிமண்டலத்தைக் கட்டங்களாகவும் அடுக்குகளாகவும் பகுத்து, ஒவ்வொன்றிலும் காற்று, வெப்பம், ஈரம் ஆகியவை எவ்வாறு மாறும் என்பதை இயற்பியல் விதிகளால் கணிக்கின்றன இம்மாதிரிகள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கி, 2025 மே மாதத்தில் பயன்பாட்டிற்கு வந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பின் கட்டம் 6 கிலோமீட்டர் அளவினது. ஒரு மாவட்டத்தைப் பல கட்டங்களாகப் பார்க்கும் இந்நுட்பம் பெரும் முன்னேற்றமே.

எனினும், இரவு இன்னும் இம்மாதிரிகளுக்குக் கடினமான தேர்வாகவே உள்ளது. பொதுவாக மாதிரிகளின் மிகக் கீழான காற்றடுக்கே பல மீட்டர் தடிப்புடையது. இராமதாஸ் கண்ட குளிரோ ஒரு மீட்டருக்குள் பிறந்து ஒரு மீட்டருக்குள் முடிவது. மிக நுண்ணிய வலையில் மட்டும் சிக்கும் மீனைப் பெரிய கண்ணுடைய வலையால் பிடிக்க இயலாதன்றோ? எனவே, கட்டத்திற்குள் அடங்காத நிகழ்வுகளைத் தோராயமான சூத்திரங்களால் மாதிரிகள் ஈடுசெய்கின்றன. அச்சூத்திரங்கள் பகற்காற்றுக்கு நன்கு பொருந்துகின்றன. அமைதியான இரவுக்கு அவ்வாறு பொருந்துவதில்லை.

இதனை அறியவே பன்னாட்டு அறிவியலார் பல மாதிரிகளை ஒரே இரவின் நிலைமையில் இயக்கி ஒப்பிட்டனர். அமெரிக்காவின் கான்சாஸ் சமவெளியில் 1999இல் எடுக்கப்பட்ட அளவீடுகளும் இத்தகைய ஒப்பீட்டிற்குப் பயன்பட்டன. அன்றாட முன்னறிவிப்புக்குப் பயன்படும் மாதிரிகளுள் பல, இரவுக் காற்றை உண்மையில் உள்ளதைவிட மிகுதியாகக் கலக்கின்றன என்பது தெரியவந்தது. மிகையாகக் கலந்தால் என்ன நேரும்? குளிர் தரையருகே தங்காமல் மேலே பரவும். எல்லை அடுக்கு மிகத் தடிப்பாகத் தோன்றும். விடியற்காலைக் குளிரும் மூடுபனியும் தவறாகக் கணிக்கப்படும். கலப்பைக் குறைத்துவிட்டாலோ, மாதிரியின் நிலம் காற்றிலிருந்து துண்டிக்கப்பட்டு அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். இவ்விரண்டு பிழைகளுக்கும் இடையே சரியான வழியைத் தேடுவதே இன்றைய ஆய்வாளர்களின் பணி. தில்லி விமான நிலையத்தில் 2015 குளிர்காலம் முதல் நடைபெற்றுவரும் மூடுபனி ஆய்வும் இத்தேடலின் ஒரு பகுதியே.

நம் வயல்களில்

இவ்வாய்வு நமக்கு ஏன் வேண்டும்? பனி எவ்வளவு நேரம் இலையில் தங்குகிறதோ, அவ்வளவு நேரம் பூஞ்சை முளைக்க வாய்ப்பு உண்டு. சின்ன வெங்காயத்தின் இலைப்புள்ளி நோயும் ஈரம் தங்கிய தாளிலேயே எளிதில் பரவுகிறது. மருந்து தெளிக்க வேண்டிய நாளையும், தெளிக்கத் தேவையில்லாத நாளையும் பிரித்தறிய, இலையின் உயரத்தில் நிலவும் குளிரை முன்கூட்டியே அறிய வேண்டும். தேவையற்ற ஒரு தெளிப்பு, சிறு உழவர் ஒருவரின் கைப்பணத்தையும் மண்ணின் நலத்தையும் ஒருசேரக் கரைப்பது.

பெரம்பலூரின் கரிசலும் அரியலூரின் செம்மண்ணும் சுண்ணாம்புக்கல் நிலமும் அருகருகே அமைந்தவை. நிறத்தாலும் ஈரத்தாலும் வேறுபட்ட இம்மண்கள் பகலின் வெப்பத்தைச் சேமிக்கும் திறத்தாலும் வேறுபடுகின்றன. ஆகவே, ஒரே இரவில் அருகருகே உள்ள இரு வயல்கள் ஒரே அளவு குளிர்வதில்லை. காற்றில் மிதக்கும் தூசியும் இரவின் குளிரை மாற்றும் என்னும் அண்மைக்கால அறிவு, சுண்ணாம்புக்கல் அகழும் நிலங்களையும் புழுதிச் சாலைகளையும் கொண்ட பகுதிகளில் ஆராயத்தக்க புதிய வினாக்களை எழுப்புகிறது.

நிறைவுப் பணிகள்

இராமதாசின் பணி இரவுக் காற்றோடு முடியவில்லை. தென்மேற்குப் பருவமழை மேற்குக் கடற்கரையில் தொடங்கும் நாளை முன்னறிவதற்கான வழியை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1954இல் வகுத்தனர். வானிலைத் துறைப் பணிக்குப் பின் தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றினார். நீர்ப்பரப்பின்மேல் மிக மெல்லிய வேதிப்படலத்தைப் பரப்பி, ஏரி நீர் ஆவியாவதைக் குறைக்கும் முயற்சியில் அங்கு ஈடுபட்டார். இளமையில் இராமனுடன் நீர்மப் பரப்பை ஒளியால் ஆராய்ந்தவர், முதுமையில் அதே பரப்பை நாட்டின் நீர்த்தேவைக்காக ஆராய்ந்தார்.

1958இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. இந்தியாவின் பயிர்களையும் வானிலையையும் பற்றிய அவரது நூல் 1960இல் வெளிவந்தது. 1979ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அவர் மறைந்தார். இரவில் தரைக்கு மேல் அவர் கண்ட குளிரின் காரணத்தைப் பிற்கால ஆய்வுகள் விளக்கியபோது அவர் உயிருடன் இல்லை. ஆயினும், காரணம் தெரியும்வரை அளவீட்டை மறைத்துவைக்காத அவரது நேர்மையே அந்த ஆய்வுகளுக்கு வழிதிறந்தது. மிகுதிறன் கொண்ட கணினிகளைச் சரியா தவறா என்று சோதிப்பதற்கு இன்றும் வயலில் நட்ட வெப்பமானியே உரைகல்லாக உள்ளது. அவ்வுரைகல்லை இந்திய மண்ணில் நட்டவர் இராமதாஸ்.

கற்பவை கற்றபின்

1. தெளிந்த வானமுள்ள, காற்றசைவற்ற இரவில், வெற்று நிலத்தின்மேல் தரைமட்டம், 30 சென்டிமீட்டர், 1 மீட்டர் ஆகிய உயரங்களில் வெப்பமானிகளை வைத்து, ஒரு மணி நேர இடைவெளியில் அளவுகளைக் குறித்து அட்டவணைப்படுத்துக.

2. பனி, மூடுபனி, குளிர் ஆகியவை குறித்து உம் ஊர் உழவர்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளை எழுதுக.

3. கோட்பாட்டோடு முரண்படும் அளவீட்டை ஓர் அறிவியலாளர் எவ்வாறு அணுக வேண்டும்? இராமதாசின் வாழ்வை முன்வைத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.